பாடினால் மட்டும் கிராமர் வராது, பாட்டை மாற்றிப் பாடினால் வரும்

டீச்சர், மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பேரணாம்பட்டு பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு என மூன்று வகுப்புக்கும் ஆங்கிலம் உங்கள் பொறுப்பு. டென்ஸ் அட்டவணையைக் கரும்பலகையில் போட்டால் பிள்ளைகள் கட்டம் கட்டி அழகாக நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மறுநாள் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பாட்டு வழியாகக் கிராமர் நடத்தலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எந்தப் பாட்டு, எப்படி நடத்துவது, உண்மையிலேயே கிராமர் வருமா, இல்லை பீரியடை ஓட்ட ஒரு வழிதானா என்று கேட்கிறீர்கள்.

வரும். வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் வெகுகாலம் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் பாடி முடித்த நிமிடத்தில் வந்துவிடாது. பாட்டில் உள்ள ஒரு வாக்கியத்தைப் பிள்ளை எடுத்து, தன் வீட்டுச் சமாசாரத்தை அதில் போட்டு மாற்றிப் பாடும்போதுதான் கிராமர் பிடிபடுகிறது. பாட்டு நாற்றங்கால்தான், பிடுங்கி நட்டால்தான் பயிர். நிறைய வகுப்புகளில் நாற்று விடுவதோடு நின்றுவிடுகிறோம். பிள்ளைகள் சந்தோஷமாகப் பாடுகிறார்கள், ஆண்டு விழாவில் மேடையேறியும் பாடுகிறார்கள், பரீட்சையில் பழைய தப்பையே எழுதுகிறார்கள். பிறகு பாட்டால் பயனில்லை என்று பாட்டின் மேல் பழி போடுகிறோம்.

முதலில் ஒரு தரம் பிரித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் கிராமர் பாட்டு என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி விதியைப் பாடுவது. நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் செயல், ஹி ஷி இட் வந்தால் இஸ் போடு, ஐ வந்தால் ஆம் போடு என்று மெட்டில் சொல்வார்கள். இதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு விதி நினைவிருக்கும், வாக்கியம் வராது. நமக்கு வேண்டியது அந்த விதி உள்ளே வேலை செய்யும் வாக்கியங்களைப் பாடுவது. விதியின் பெயரே பாட்டில் வர வேண்டியதில்லை.

"நன்னூலை நாம் பாட்டாகத்தானே படித்தோம்? பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் இலக்கணத்தை நூற்பாவாகத்தானே எழுதினார்?" என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நன்னூலைக் கையில் எடுத்தவன் தமிழைத் தொட்டிலில் இருந்தே பேசியவன். அவனுக்கு மொழி ஏற்கெனவே வாயில் இருக்கிறது, நூற்பா அதை ஒழுங்குபடுத்திக் காட்டியது. நம் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாயில் இன்னும் ஆங்கிலமே இல்லை. இல்லாத ஒன்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? முதலில் அந்த வாயில் ஒரு நூறு வாக்கியமாவது ஏற வேண்டும். ஏற்றுவதற்குப் பாட்டைப் போலச் சுளுவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு ஆய்வு ஆதாரமும் கொஞ்சம் உண்டு. 2014-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், 60 பெரியவர்களுக்கு முன்பின் தெரியாத ஹங்கேரிய மொழித் தொடர்களைப் பதினைந்து நிமிடம் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள், ஒரு பிரிவினர் தாளத்தோடு சொன்னார்கள், மூன்றாம் பிரிவினர் பாடினார்கள். பிறகு நினைவிலிருந்து ஹங்கேரியத்தில் சொல்லச் சொன்னபோது பாடியவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அந்தச் சோதனை பார்த்தது தொடர் நினைவில் நிற்கிறதா என்பதைத்தான். இலக்கணம் வந்ததா என்று பார்க்கவில்லை. அந்த மிச்ச வேலை வகுப்பறையில் நம்முடையது.

இன்னொரு காரணத்தை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். நம் பிள்ளைகள் விடுகிற சொற்கள் எவை என்று ஒரு நோட்டை எடுத்துப் பாருங்கள். எ, ஆன், த, இஸ், ஆர், ஹாவ், டு, வினைச்சொல் கடைசியில் வரும் எஸ், ஈடி. எல்லாம் குட்டிச் சொல், ஒட்டுச் சொல். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இவற்றை அழுத்தாமல் விழுங்கிவிட்டு, பொருள் உள்ள சொல்லை மட்டும் அழுத்திச் சொல்வார்கள். தமிழில் நாம் ஏறக்குறைய எல்லா அசைக்கும் சம இடம் கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். அதனால் விழுங்கிய சொல் நம் பிள்ளைகள் காதில் விழுவதே இல்லை. காதில் விழாத ஒன்றை எழுத்தில் போடு என்றால் எப்படிப் போடுவார்கள்? பாட்டும் தாளமும் அந்தக் குட்டிச் சொல்லுக்கு ஓர் இடம் ஒதுக்குகின்றன. நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரஹாம் 1978-இல் ஜாஸ் சாண்ட்ஸ் என்ற நூலை இந்த எண்ணத்தில்தான் கொண்டுவந்தார். மெட்டு இல்லை, பேச்சின் தாளம் மட்டும். சாதாரணமாகப் பேசும் வாக்கியத்தையே கைதட்டித் தாளத்தோடு கேள்வியும் பதிலுமாகச் சொல்வது. குரல் வளம் இல்லையே என்று தயங்கும் ஆசிரியர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

இனி ஒரு பாட்டை எடுத்து முழுதாகக் காட்டுகிறேன். மூன்றாம் ஆள் ஒருமைக்கு வரும் எஸ். தமிழில் வரேன், வர்றான், வர்றா என்று ஒவ்வொரு ஆளுக்கும் விகுதி மாறுவதால் பிள்ளைக்கு இந்த எண்ணம் புதிதில்லை. ஆங்கிலத்தில் அது ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் காற்று போல வருகிறது. அதனால் பிடிபடுவதில்லை. நான் கட்டி வைத்த நாலு வரி இது:

மை மதர் கெட்ஸ் அப் அட் ஹாஃப் பாஸ்ட் ஃபோர்,
ஷி ஓப்பன்ஸ் எ விண்டோ, ஓப்பன்ஸ் எ டோர்,
ஷி ஃபில்ஸ் எ பாட் அண்ட் புட்ஸ் இட் ஆன்,
ஷி கால்ஸ் அஸ் ஆல், த நைட் இஸ் கான்.

வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன வருகிறது என்று கவனியுங்கள். அப், எ, எ, எ, இட், அஸ். எல்லாம் உயிரொலியில் தொடங்கும் சொற்கள். அதனால் எஸ் அடுத்த சொல்லில் போய் ஏறிக்கொள்கிறது. கெட்-சப், ஓப்பன்-ச, புட்-சிட் என்று வாய் தானாகச் சேர்க்கும், விழுங்க முடியாது. "ஷி டிரிங்க்ஸ் டீ" என்று எழுதியிருந்தால் எஸ்ஸும் டீயும் நெருக்கிக்கொண்டு எஸ் காணாமல் போயிருக்கும். நீங்களாகப் பாட்டு கட்டும்போது இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. மெட்டு உங்கள் விருப்பம். பிள்ளைகளுக்குத் தெரிந்த கும்மி மெட்டு நன்றாக உட்காரும்.

முதல் நாள் நீங்கள் வரி வரியாகப் பாட, அவர்கள் திருப்பிப் பாடட்டும். அர்த்தத்தைத் தமிழில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம். இரண்டாம் நாள் எஸ் வரும் இடத்தில் எல்லாம் ஒரு கைதட்டு. நாலு வரியில் ஆறு தட்டு. மூன்றாம் நாள் அம்மாவை எடுத்துவிட்டு "வி" போடுங்கள். வி கெட் அப், வி ஓப்பன். இப்போது தட்டுவதற்கு இடமில்லை, கை அந்தரத்தில் நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் தட்டவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே கேளுங்கள். விதியை அவர்களே சொல்வார்கள், அவர்கள் சொன்ன சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். அட்டவணைக்கு அதுதான் வேளை.

நான்காம் நாள் நடவு. அவரவர் வீட்டு ஆளை வைத்து ஒரு வரி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறாள், அப்பா லாரி ஓட்டுகிறார், அண்ணன் தோல் ஷாப்புக்குப் போகிறான். "மை மதர் கெட்ஸ் ஆன் எ கம்பெனி பஸ்" என்பது ஒரு பிள்ளை கொண்டுவந்த வரி. இன்னொரு பெண் எழுந்து, "மை ஆயா ரோல் எ பீடி, ரோல் எ பீடி" என்று பாடினாள். வகுப்பு பழக்கத்தில் தட்டியது. தட்டு விழுந்த இடத்தில் எஸ் இல்லை. அவளுக்கே அது காதில் பட்டுவிட்டது. நின்றாள், உதட்டுக்குள் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்தாள், "ரோல்ஸ் எ பீடி" என்று திரும்பப் பாடினாள். நான் வாயே திறக்கவில்லை. ஒரு பிள்ளை தன் தப்பைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வதைவிடப் பெரிய இலக்கணப் பாடம் ஒன்று உண்டா? நோட்டில் சிவப்பு மையில் நாம் போடும் எஸ் அவள் காதுக்குப் போய்ச் சேராது.

அடுத்தது கேள்வி வாக்கியம். இதுதான் நம் பிள்ளைகளுக்கு மிகக் கடினம் என்பது என் கருத்து. தமிழில் கேள்வி கேட்க ஓர் "ஆ" போதும், இல்லாவிட்டால் எங்கே, என்ன என்று ஒரு சொல் போதும். மற்றச் சொற்கள் அதது இடத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் துணைவினை எழுந்து முன்னால் வர வேண்டும். அதனால்தான் "வேர் யூ ஆர் கோயிங்?", "வாட் யுவர் நேம் இஸ்?" என்று கேட்கிறோம். படித்த பெரியவர்களே கேட்கிறார்கள்.

இதற்கு எங்கேயும் போக வேண்டாம், நம் ஊர்த் தெருக்கூத்து இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்க்காத பிள்ளை வடாற்காட்டில் குறைவு. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கட்டியங்காரன் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்று கேட்பான். பதில் பாட்டாகவும் வசனமாகவும் வரும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இதைவிடப் பொருத்தமான கேள்விப் பயிற்சியை எந்தக் கையேடும் தரவில்லை. ஒரு பழைய புடவைதான் திரை. ஒருவன் ராஜா, ஒருத்தி கட்டியங்காரி, மற்ற வகுப்பு முழுக்கப் பின்பாட்டு.

"ஹூ ஆர் யூ?" கட்டியங்காரி கேட்க, பின்பாட்டு அதையே வாங்கும். "வேர் டு யூ கம் ஃப்ரம்?" மறுபடி பின்பாட்டு. "வாட் டு யூ வான்ட்?" "ஒய் ஆர் யூ வேரிங் எ கிரவுன்?" ராஜா பதில் சொல்வான்: "ஐ ஆம் துரியோதனா, ஐ கம் ஃப்ரம் அஸ்தினாபுரம்." ஒருவன் கேட்ட கேள்வியை நாற்பது வாய் திருப்பிச் சொல்கிறது. கூச்சப்படும் பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து துணைவினையை முன்னால் வைத்துச் சொல்லிவிடுகிறது. அது மட்டுமில்லை. கட்டியங்காரன் சபையைப் பார்த்துப் பேசுவானே, அந்த வழக்கத்தைப் பயன்படுத்துங்கள். கட்டியங்காரி வகுப்பின் பக்கம் திரும்பி, "வேர் டஸ் ஹி கம் ஃப்ரம்?" என்று கேட்கட்டும். வகுப்பு, "ஹி கம்ஸ் ஃப்ரம் அஸ்தினாபுரம்" என்று சொல்லட்டும். கேள்வியில் எஸ் டஸ்ஸோடு இருக்கிறது, பதிலில் கம்ஸுக்கு வந்துவிட்டது. இதைக் கரும்பலகையில் விளக்க அரை பீரியடு ஆகும். கூத்தில் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரியும்.

ராஜாவின் உடையை வைத்தே "ஐ ஆம் வேரிங்", "ஐ வேர்" வித்தியாசத்தையும் முடித்துவிடலாம். தமிழில் "போடறேன்" என்றால் தினமும் போடுவதும் அதுதான், இப்போது போட்டுக்கொண்டிருப்பதும் பல நேரம் அதுதான். அதனால்தான் இரண்டும் குழம்புகிறது. "ஐ வேர் எ யூனிஃபார்ம் எவ்ரி டே, பட் டுடே ஐ ஆம் வேரிங் எ கிரவுன்." அட்டைக் கிரீடத்தோடு நிற்கும் பையனுக்கு இந்த வித்தியாசம் மறக்காது.

கடந்த காலத்துக்குக் கதைப்பாட்டு. கதை எப்போதும் நடந்து முடிந்தது என்பதால் பாஸ்ட் டென்ஸ் தானாக வரும். வேலூர்க்காரர்களுக்குக் கதை தேட வேண்டியதில்லை. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். செய்தி எட்டியதும் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். பிள்ளைகள் சமூக அறிவியலில் படிப்பதுதான், கோட்டையையும் சுற்றிப் பார்த்திருப்பார்கள்.

த சிப்பாய்ஸ் ரோஸ் பிஃபோர் த சன்,
தே டுக் த ஃபோர்ட் அண்ட் ஃபாட் அண்ட் வன்,
பட் சோல்ஜர்ஸ் ரோட் ஃப்ரம் ஆர்காட் டவுன்
அண்ட் ப்ராட் த ஃப்ளாக் ஆஃப் மைசூர் டவுன்.

ரோஸ், டுக், ஃபாட், வன், ரோட், ப்ராட். ஈடி போட்டு மாறாத ஆறு வினைகள் நாலு வரியில் வந்துவிட்டன. மூன்று பத்தி வெர்ப் அட்டவணையை "டேக் டுக் டேக்கன்" என்று ராகம் போட்டு ஒப்பிப்பதைவிட இது மேல். இங்கே டுக் என்ற சொல்லோடு யார், எதை, எப்போது என்பதும் சேர்ந்து நிற்கிறது. பாடி முடித்ததும் கேள்வி. "டிட் தே டேக் த ஃபோர்ட்?" "யெஸ், தே டுக் த ஃபோர்ட்." "டிட் தே கீப் த ஃபோர்ட்?" "நோ, தே டிட்ன்ட் கீப் இட்."

இங்கே பாட்டு கைவிடும் ஓர் இடம் உண்டு. "டிட் தே டுக்" என்று தப்பாகச் சொன்னாலும் தாளத்தில் அது சரியாகவே உட்காரும். காது காட்டிக்கொடுக்காது. அதனால் உடம்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடந்த காலம் வரும் சொல்லில் பெருவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பெருவிரல்தான். டிட்டில் காட்டியாகிவிட்டது என்றால் டேக் சும்மா இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்களும் வெட்கப்படாமல் செய்வார்கள். கதை மாற்றும் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைகாசி முதல் நாள் அங்கே போகாத வீடு உங்கள் பக்கத்தில் இருக்காது. "வேர் டிட் யூ கோ? வாட் டிட் யூ சீ? வாட் டிட் யூ ஈட்?" பதில் சொல்ல ஆள் போட்டி போடும்.

பிரசென்ட் பெர்ஃபெக்டுக்கு நீளமாக எதுவும் வேண்டாம். "போயிருக்கேன்", "போனேன்" என்ற தமிழ் வித்தியாசமே கைகொடுக்கும். கோட்டைக்குப் போயிருக்கேன் என்று சொல்வோம், நேத்து கோட்டைக்குப் போனேன் என்று சொல்வோம். "ஹாவ் யூ பீன் டு ஏலகிரி?" "யெஸ், ஐ ஹாவ்." "வென் டிட் யூ கோ?" "ஐ வென்ட் இன் மே." இந்த நாலு அடியைத் தாளத்தில் ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னால் போதும். யெஸ்டர்டே வந்த இடத்தில் ஹாவ் வராது என்பது தானாகப் படியும்.

ஆர்டிக்கிளுக்கு வேலூர் நேதாஜி மார்க்கெட். "ஐ பாட் எ கேரட், ஐ பாட் ஆன் ஆனியன்" என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காய் கூட்டிக்கொண்டே போகும் விளையாட்டுப் பாட்டு. முள்ளு கத்திரிக்காய்க்கு "எ ஸ்பைனி பிரிஞ்ஜால்" என்று நம் இலவம்பாடி காயையும் சேர்த்துவிடுங்கள். எ, ஆன் இதில் வரும். த எப்போது வரும் என்பது இதில் வராது, அதற்குக் கதை வேண்டும். முதலில் எ கிங், அடுத்த வரியில் த கிங்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பள்ளிகளில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே தப்பு வராது. தமிழிலும் தெலுங்கிலும் "அவர் டீச்சர்" என்றால் வாக்கியம் முடிந்தது, நடுவில் இஸ் போன்ற சொல் இல்லை. அதனால் "ஹி டீச்சர்" என்று வரும். உருதில் "ஹை" இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு இஸ் அவ்வளவு அந்நியமில்லை. ஜாதா ஹை, ஜா ரஹா ஹை என்ற வேறுபாடும் அவர்கள் மொழியில் உண்டு, ஆகவே கோஸ், இஸ் கோயிங் சீக்கிரம் பிடிபடும். ஆர்டிக்கிள் மூன்று மொழியிலும் இல்லை, அதில் எல்லோரும் ஒன்று. கூத்தில் யாரைக் கட்டியங்காரனாக நிறுத்துவது, எந்தப் பாட்டுக்கு யாரை முன்னால் பாடவிடுவது என்று இதை வைத்து முடிவெடுக்கலாம். ஒரு மொழிப் பிள்ளையின் பலம் இன்னொரு பிள்ளைக்கு உதவும்.

ஆங்கில பாப் பாட்டு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடுநிலைப் பள்ளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் அதிகம், வாத்தியம் சொல்லை மூடிவிடும். "ஹி டோன்ட்", "எய்ன்ட்", இரட்டை எதிர்மறை எல்லாம் அந்த இசை உலகில் சர்வ சாதாரணம். அவர்கள் மொழியில் அது தப்பில்லை, பேச்சு வழக்கு. இப்போதுதான் டஸ் பழகும் பிள்ளைக்கு அது தேவையில்லாத குழப்பம். பதினொன்று, பன்னிரண்டில் வேண்டுமானால் அதையே எடுத்துவைத்து, பேச்சில் இப்படி, எழுத்தில் எப்படி என்று ஒரு நல்ல பாடம் நடத்தலாம். காப்புரிமை பற்றிப் பயம் வேண்டாம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பாடம் நடத்துவதற்காக ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. வகுப்பில் பாடுவதை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது வேறு விஷயம், அதைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் முகத்துக்காகவும் தவிர்க்க வேண்டியதுதான்.

பயிற்சிகளில் அதிகம் சொல்லித்தருவது, பாட்டை ஒலிக்கவிட்டு அச்சடித்த தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும் முறை. நாற்பது பிள்ளைகள், ஒரு செல்போன், மேலே சத்தம் போடும் ஃபேன். கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது, பக்கத்துத் தாளைப் பார்த்து நிரப்புவார்கள். அதற்குப் பதில் டஸ்டர் போதும். பாட்டு முழுவதையும் கரும்பலகையில் எழுதிப் பாடவிடுங்கள். ஒரு சொல்லை அழியுங்கள், மறுபடி முழுப் பாட்டு. இன்னொன்றை அழியுங்கள், மறுபடி. எதை முதலில் அழிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விண்டோ, டோர் எல்லாம் இருக்கட்டும், அவை எப்படியும் நினைவில் நிற்கும். எ, இஸ், எஸ், த என்று குட்டிகளை முதலில் அழியுங்கள். கண் பார்க்காததை வாய் போட்டுப் பாட வேண்டும். கடைசியில் வெறும் பலகையைப் பார்த்து நாலு வரியும் பாடும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இதையெல்லாம் பீரியடின் முதல் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரே பாட்டு இரண்டு வாரம் வரலாம், வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு என்று ஓட வேண்டாம். பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்றால் மரத்தடிக்குப் போங்கள், இல்லாவிட்டால் கிசுகிசுக் குரலில் தாளத்தோடு சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது கிசுகிசுப்பில் இன்னும் துல்லியமாகத் தெரியும். எட்டாம் வகுப்புப் பையன்கள் பாட மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். டெஸ்க்கில் பம்பை அடி அடிக்கச் சொல்லுங்கள், கானா மாதிரி வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். அடிக்கிறவன் வாய் சும்மா இருக்காது. ஆறாம் வகுப்புக்கு இந்தத் தயக்கம் இருக்காது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, பாடி ஆடிப் படிப்பது அவர்களுக்குத் தொடக்க வகுப்புகளிலேயே தெரிந்ததுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மெட்டை அவிழ்ப்பது. பாட்டில் கற்ற வாக்கியம் மெட்டோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வரி வேண்டுமென்றால் பிள்ளை முதல் வரியிலிருந்து மனதுக்குள் பாடிக்கொண்டு வரும். அதை உடைக்க வேண்டும். நடு வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மதிய உணவு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் போகிற போக்கில், "வாட் டஸ் யுவர் மதர் டு இன் த மார்னிங்?" என்று சாதாரணப் பேச்சில் கேளுங்கள். பாடாமல் பதில் சொன்னால் நடவு பிடித்துவிட்டது. பிறகு அதையே நோட்டில் ஐந்து வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் படி இல்லாமல் பரீட்சைத் தாளில் எதுவும் தெரியாது.

ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் மாற்றுவது, இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சேர்ப்பது, நிறுத்தற்குறி இவற்றுக்கெல்லாம் பாட்டைத் தேடி அலையாதீர்கள். அவை கண்ணால் பார்த்து, எழுதி, அடித்துத் திருத்திப் பழக வேண்டியவை. ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுக்கு மட்டும், ராஜா சொன்னதைக் கட்டியங்காரன் சபைக்கு எடுத்துச் சொல்லும் கூத்து வசனம் ஓரளவு உதவும். அதிலும் கவனம் தேவை. தமிழில் "நான் வரேன்னு சொன்னான்" என்று அவன் பேச்சை அப்படியே வைத்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஐ, ஹி ஆகும், காலமும் பின்னுக்குப் போகும். இதை எட்டாம் வகுப்பின் பிற்பாதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. ஆறாம் வகுப்பில் அம்மா பாட்டை இந்தத் திங்கட்கிழமையே தொடங்குங்கள். ஏழாம் வகுப்பில் கூத்து, அதற்கு முன் வீட்டிலிருந்து ஒரு பழைய புடவையும் நாலு அட்டைக் கிரீடமும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்குக் கோட்டைக் கதை, சமூக அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அவர் அந்தப் பாடம் நடத்தும் வாரத்திலேயே வைத்துக்கொண்டால் இரண்டு பாடமும் சேர்ந்து நிற்கும். உங்கள் பிள்ளைகள் மாற்றிப் பாடும் வரிகளை ஒரு தனி நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வருடம் வரும் வகுப்புக்கு என் வரிகளைவிட அவர்கள் அண்ணன் அக்கா கட்டிய வரிகள் நன்றாகப் பிடிக்கும்.